ரத்தம் கக்குவதற்கு முன்

(வடக்கு அந்தமான், திக்லிபூரில் தமிழ் மக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லீரல் நோய் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகியிருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்ப்போம், இல்லையென்றால் நிம்மதியாகி விடுவோம். ஆனால் கல்லீரல் சுருங்கிப் போனவர்களில் பலரைக் கொண்டுபோவது காமாலை அல்ல. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் இரவு வயிற்றைப் பிரட்டுகிறது என்று எழுந்திருப்பார். அடுத்த நிமிடம் வாய் வழியாக ரத்தம் கொட்டும். வீடே அலறிவிடும்.

அந்த ரத்தப்போக்கை நிறுத்தவும் மீண்டும் வராமல் தடுக்கவும் ஷன்ட் என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. சென்னை, வேலூர், கொல்கத்தா போன்ற ஊர்களில் செய்கிறார்கள். நானும் அந்த வேலையைச் செய்கிற குழுவில் ஒருவன். நீங்கள் சொல்வது போல எல்லாம் மெயின்லேண்டில்தான். அப்படியிருக்க அதைப் பற்றி இங்கே வந்து ஏன் பேச வேண்டும்? அந்தச் சிகிச்சை ஒருவரைக் காப்பாற்றுமா என்பது எங்கள் அறுவை அரங்கில் முடிவாவதைவிட, அவர் அங்கே என்ன நிலையில் வந்து சேர்கிறார் என்பதில்தான் அதிகம் முடிவாகிறது. அந்த நிலையை உருவாக்குகிற இடம் இந்த ஊர். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

முதலில் அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குடல், இரைப்பை, மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை என்கிற ஒரே குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குள் போகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு இதுதான். கல்லீரல் பஞ்சு போல மெத்தென்று இருக்கிற வரை இந்த ஓட்டத்துக்குத் தடையில்லை. குடியாலோ, ஹெபடைடிஸ் கிருமியாலோ, சர்க்கரையோடு வருகிற கொழுப்பாலோ அது வருடக்கணக்கில் வடுப்பட்டு இறுகினால், ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பின்னால் தேங்குகிறது. உங்கள் கல்பொங் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியபோது மேலே நீர்மட்டம் உயர்ந்ததே, அது மாதிரி. அணைக்கு மதகு உண்டு. உடம்பில் மதகு இல்லை. ஆகவே தேங்கிய ரத்தம் கிடைத்த சின்னச் சின்னச் சிரைகளில் எல்லாம் ஏறிப் போகப் பார்க்கிறது. அவற்றில் ஆபத்தானவை உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருப்பவை. மெல்லிய சுவர், அடியில் தாங்க ஒன்றும் கிடையாது. அவை வீங்கிப் புடைத்து, ஒரு நாள் வெடிக்கின்றன.

இந்த அழுத்தத்தை அளக்க முடியும். கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு, பாதரச அளவில் 5 மில்லிமீட்டருக்குள் இருப்பது இயல்பு. 10 ஆனால் சிரைகள் புடைக்கத் தொடங்கும். 12-ஐத் தாண்டினால் வெடிக்கலாம். இந்த 12 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இந்தத் தீவுகளில் ஹெபடைடிஸ் பி-யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்ட் பிளேயரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் பல வருடங்களாக இதை ஆராய்ந்திருக்கிறது. நிக்கோபாரி மக்களிடம் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இந்தக் கிருமி ரத்தத்தில் இருப்பதாக அந்த மையத்தின் ஆய்வுகள் காட்டின. ஜாரவா மக்களிடம் அதைவிடவும் அதிகம். நாட்டிலேயே மிக உயர்ந்த அளவுகளில் இவை சேரும். இந்தக் கிருமி பெரும்பாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும், சிறு வயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கும் சத்தமில்லாமல் போகிறது. முப்பது வருடம் ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிட்டுக் கல்லீரலை இறுக்கும். 2018 ஜூலை 28-ஆம் தேதி தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சி கிருமியைப் பெரும்பாலானோருக்கு மூன்று மாத மாத்திரையிலேயே அடியோடு ஒழித்துவிடலாம். இலவசமாகக் கிடைத்தும் பரிசோதித்துக்கொள்ளாமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது ஷன்டுக்கு வருகிறேன். தேங்கிய ரத்தத்துக்குக் கல்லீரலைச் சுற்றியோ, அதற்குள்ளேயே துளைத்தோ ஒரு புது வழி செய்து, இதயத்துக்குப் போகும் பெரிய சிரையில் சேர்ப்பதுதான் ஷன்ட். யோசனை பழையது. 1877-இல் ரஷ்யாவில் எக் என்கிற மருத்துவர் நாய்களுக்கு இப்படிச் செய்து பார்த்தார். 1893-இல் பாவ்லோவும் அவர் கூட்டாளிகளும் அதே அறுவையைச் செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தார்கள். நாய்கள் வெறி பிடித்தது போல் ஆகி, தள்ளாடி, நினைவிழந்தன. குடலிலிருந்து வருகிற நஞ்சை வடிகட்ட வேண்டிய கல்லீரலைத் தாண்டி ரத்தம் போய்விட்டதால், அந்த நஞ்சு நேரே மூளையைத் தாக்கியது. ஷன்டின் பலனும் அதற்குக் கொடுக்கிற விலையும் அன்றைக்கே தெரிந்துவிட்டன.

மனிதர்களுக்கு இது பரவலாக வந்தது 1945-க்குப் பிறகு, நியூயார்க்கில் விப்பிள் குழுவினரின் கையால். ரத்தப்போக்கு நின்றது. எல்லோருக்கும் உற்சாகம். ஒருமுறைகூட ரத்தம் கக்காதவர்களுக்கும் முன்கூட்டியே செய்துவிட்டால் என்ன என்று 1960-களில் முறையாகச் சோதித்தார்கள். ரத்தப்போக்கு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. கல்லீரல் பலவீனத்தாலும் மூளைக் குழப்பத்தாலும் நோயாளிகள் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்குச் செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்று தேர்ந்தெடுப்பதே இந்தச் சிகிச்சையின் உயிர் என்று மருத்துவ உலகம் அந்தச் சோதனைகளுக்குப் பிறகுதான் முழுதாக ஏற்றது.

நம் நாட்டு அனுபவத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் குழந்தைகள் ரத்தம் கக்குவதற்குப் பெரிய காரணம் கல்லீரல் சுருக்கம் அல்ல. கல்லீரல் நன்றாக இருக்கும், போர்ட்டல் சிரை மட்டும் சிறு வயதிலேயே அடைத்துப்போயிருக்கும். மேல்நாட்டுப் புத்தகங்களில் ஓரமாக வருகிற இந்த நோய், இங்கே எங்கள் வார்டுகளில் அன்றாடம். இந்தப் பிள்ளைகளுக்கு மண்ணீரலை எடுத்துவிட்டு, அதன் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு தைத்து இணைக்கும் அறுவையை டெல்லி எய்ம்ஸில் சமீரன் நந்தியின் குழு வருடக்கணக்கில் செய்தது. 1976 முதல் 1992 வரை 160 குழந்தைகள். 1994-இல் கணக்கை வெளியிட்டார்கள். முன்கூட்டியே திட்டமிட்டு, உடம்பைத் தேற்றி, நாள் குறித்துச் செய்த 140 பேரில் இறந்தது ஒரே குழந்தை. ரத்தம் நிற்காமல் அவசரமாக மேசையில் ஏற்றிய 20 பேரில் இரண்டு குழந்தைகள் போயின. அதே நோய், அதே ஆஸ்பத்திரி, அதே அறுவை. கல்லீரல் நல்ல நிலையில் இருந்ததால் மூளைக் குழப்பம் யாருக்கும் வரவில்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உயிரோடு இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள்.

அந்த இரண்டு இறப்புக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு ஒரு பக்கம், நூற்றுக்குப் பத்து மறுபக்கம். நடுவில் இருப்பது ஆயத்தம்.

குழந்தைக்கு ஆயத்தம் என்றால் என்ன? மண்ணீரலை எடுக்கப் போகிறார்கள் என்றால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிட வேண்டும். மண்ணீரல் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கிருமிகள் எமன். இரும்புச்சத்து, எடை, ஸ்கேன் எல்லாம் அதற்குள் சரிபார்த்தாக வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் வயிற்றில் இடது பக்கக் கட்டியோடுதான் பிள்ளையைக் கூட்டி வருவார்கள். அது வீங்கிய மண்ணீரல். நல்ல நிறமும் சுறுசுறுப்புமாக இருக்கிற பிள்ளை, வயிறு மட்டும் இடப்பக்கம் உப்பி, அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிறது என்றால் தாய்மார்கள் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்களுக்கு இப்போது வயிற்றைத் திறப்பது அரிது. கழுத்துச் சிரை வழியாகப் போய்க் கல்லீரலுக்குள்ளேயே துளைத்து வழி செய்கிற டிப்ஸ் என்கிற முறை வந்துவிட்டது. ஜோசப் ரோஷ் என்கிற மருத்துவர் 1969-இல் விலங்குகளில் சாத்தியம் என்று காட்டியது, 1988 ஜனவரியில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஸ்டென்ட் வைத்து மனிதருக்குச் செய்யப்பட்டது. தொடக்கத்தில் வெறும் கம்பி வலை ஸ்டென்ட்தான், ஒரு வருடத்துக்குள் பாதிப் பேருக்கு அடைத்துக்கொள்ளும். உள்ளே மெல்லிய உறை போட்ட ஸ்டென்ட் வந்த பிறகுதான் நிம்மதி.

செய்வது எப்படி என்று சொல்கிறேன், பயம் குறையும். நோயாளிக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்து, முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது கழுத்துச் சிரையில் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசி போடுவோம். அதன் வழியாக ஒரு மெல்லிய கம்பி. அது இதயத்தின் வலது மேலறையைக் கடக்கும்போது மானிட்டரில் ஒன்றிரண்டு துடிப்பு தப்பும். பேச்சு நின்றுவிடும், எல்லோர் கண்ணும் அங்கேதான். கம்பி கீழே இறங்கிக் கல்லீரல் சிரைக்குள் போனதும், வளைந்த நீண்ட ஊசியைக் கல்லீரல் சதைக்குள் முன்பக்கமாகத் திருப்பிக் குத்தி, போர்ட்டல் சிரையின் வலது கிளையைப் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே திரையில் அந்தச் சிரை தானாகத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி அதன் நிழலைப் படம் பிடித்து வைத்துக்கொள்வோம். ஊசியைக் குத்திவிட்டு, சிரிஞ்சில் இழுத்துக்கொண்டே மெல்லப் பின்வாங்குவோம். ரத்தம் வரும் இடத்தில் நிறுத்தி மருந்தைச் செலுத்தினால் கல்லீரல் முழுக்கக் கிளை விரிந்து கறுப்பாகத் தெரியும். சரியான இடம். இந்த ஒரு குத்துதான் கடினம். சிலருக்கு முதல் முயற்சியிலேயே கிடைக்கும், சிலருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்து பலூன். இறுகிப்போன கல்லீரல் அதை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்தப் பிடி தளர்ந்து வழி திறக்கும். அதில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் அகல ஸ்டென்ட். வைத்ததும் மறுபடி அழுத்தத்தை அளப்போம். 12-க்குக் கீழே வந்துவிட்டதா? வந்துவிட்டால் போதும். இன்னும் பெரிதாகத் திறந்தால் இன்னும் நல்லதுதானே என்று உறவினர்கள் கேட்பார்கள். இல்லை. பெரிதாகத் திறந்தால் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் குறையும், வடிகட்டாத ரத்தம் மூளைக்குப் போகும். பாவ்லோவின் நாய்களை மறக்கக்கூடாது.

டிப்ஸ் செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைக் குழப்பம் வருகிறது. அதனால்தான் முன்பரிசோதனைகள் இத்தனை. எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்போம். தேங்கியிருந்த ரத்தம் சட்டென்று இதயத்தை நோக்கிப் பாயும், பலவீனமான இதயம் தாங்காது. நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகமானவருக்குச் செய்யக்கூடாது. காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால் அது அடங்கும் வரை தள்ளிவைப்போம். பிலிரூபின் மிகவும் ஏறியிருந்தால், இருக்கிற கொஞ்சம் கல்லீரலும் போய்விடும் என்று செய்ய மறுப்போம், மாற்றுக் கல்லீரலைப் பற்றிப் பேசுவோம். அப்படி மறுத்தால், உங்களைக் கைவிட்டுவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2021-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வொன்று வெளியானது. டிப்ஸுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ரிஃபாக்சிமின் என்ற மாத்திரை தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேருக்கு மூளைக் குழப்பம் வந்தது. மாத்திரை இல்லாதவர்களில் 53 சதவீதம். இரண்டு வாரம் முன்பு என்றால் நோயாளி எங்கே இருக்கிறார்? வீட்டில். அந்த மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று போனிலாவது டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய இன்னொன்று சாப்பாடு. நம் வீடுகளில் கல்லீரல் நோய் என்றால் உடனே பத்தியம். மீன் கூடாது, முட்டை கூடாது, பருப்பு கூடாது, கஞ்சியும் இளநீரும் என்று மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். கையும் தொடையும் வற்றிப்போய், வயிறு மட்டும் நீர் கோத்து வந்து நிற்பார் மனிதர். குடலிலிருந்து வருகிற அம்மோனியா என்ற நஞ்சைக் கல்லீரலுக்கு அடுத்தபடி அப்புறப்படுத்துவது தசை. தசை போனால் ஷன்டைத் தாங்க முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது இன்றைய விதி. ஏரியல் பேயில் இறங்குகிற நல்ல மீனைக் குழம்பு வைத்துக் கொடுங்கள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், உப்பு வயிற்று நீரைக் கூட்டும். படுக்கும் முன் ஏதாவது ஒரு சிற்றுண்டி கொடுங்கள், ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தசையைத்தான் கரைக்கும். மூட்டு வலி, இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டே, புடைத்த சிரைகளைப் பார்க்கிற எண்டோஸ்கோபியை ஒத்திப்போடவும் வேண்டாம். குடியை நிறுத்துவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் நிறுத்தினால் மட்டுமே மற்ற எல்லாம் பலிக்கும்.

ஷன்ட் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு காவல் உங்களுடையது. லாக்டுலோஸ் சிரப்பை, தினம் இரண்டு மூன்று முறை இளகலாக வயிறு போகிற அளவுக்குக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போகிறோம், கப்பலில் போகிறோம், கழிவறைத் தொல்லை என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். மலச்சிக்கல் வந்த அன்றே குழப்பமும் வரும். ஒரு நோட்டு வாங்கி, தினம் காலையில் தேதி போட்டு அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வார்டில் நாங்கள் இதைச் செய்கிறோம். திங்கட்கிழமை நேராக இருந்த கையெழுத்து புதன்கிழமை கோட்டை விட்டு இறங்கும், வெள்ளிக்கிழமை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அவர் பேச்சில் ஒரு வித்தியாசமும் அதுவரை தெரிந்திருக்காது. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதும், நீட்டிய கை பட்பட்டென்று தாழ்வதும் அதே அறிகுறிதான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இனி அவசரத்தைப் பற்றி. 2010-இல் ஐரோப்பாவில் 63 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு இந்தச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ரத்தம் கக்கியவர்களில் கல்லீரல் ஓரளவு தளர்ந்து, ஆனால் முற்றிலும் கைவிடாத நிலையில் இருப்பவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் செய்தபோது, ஒரு வருடத்தில் 86 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 61 சதவீதம்.

72 மணி நேரத்தை உங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். இங்கிருந்து போர்ட் பிளேயர், இப்போது ஸ்ரீ விஜய புரம், முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். ஜாரவா காட்டுக்குள் கான்வாய்க்கு நேரம் உண்டு, பாராடாங்கில் தண்ணீரைக் கடக்க வேண்டும். ஒரு பகல் போய்விடும். ஹெலிகாப்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் என்றால் இரண்டரை மூன்று நாள், அது ரத்தம் கக்குகிறவருக்கு ஆகாது. முடியாத கணக்கு இல்லை. ஆனால் முதல் இரவை வீணாக்கினால் முடியாது.

முதல் இரவு என்ன செய்வது? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சுக்குழாயில் ரத்தம் போகக்கூடாது. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திராமல் உங்கள் சமுதாய நல மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிரை அழுத்தத்தைக் குறைக்கும் ஊசியையும் கிருமி எதிர்ப்பு ஊசியையும் எண்டோஸ்கோபிக்குக் காத்திராமலே தொடங்கலாம். ரத்தம் ஏற்றுவதில் டாக்டர் சிக்கனமாக இருந்தால் சண்டை போடாதீர்கள். ஹீமோகுளோபின் 7, 8 அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் ஏற்றினால் அழுத்தம் ஏறி மறுபடி வெடிக்கும். அங்கிருந்து போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி, எண்டோஸ்கோபியில் ரப்பர் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்துவது, இவருக்கு ஷன்ட் வேண்டுமா என்று மெயின்லேண்டு மையத்தோடு அன்றே போனில் பேசுவது. இந்த வரிசை உங்களுக்கும் தெரிந்திருந்தால்தான் டாக்டரிடம் கேட்க முடியும்.

இதற்கெல்லாம் மேலான நல்வழி, முதல் ரத்தப்போக்கே வராமல் பார்த்துக்கொள்வது. புடைத்த சிரை எண்டோஸ்கோபியில் முன்பே தெரிந்துவிடும். கார்வெடிலால் போன்ற மலிவான மாத்திரையாலோ வளையம் போட்டோ அது வெடிப்பதைப் பெருமளவு தடுக்கலாம். அப்படிக் காத்துக்கொண்டவர்களில் பலருக்கு ஷன்டே தேவைப்படாது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டில் நெடுநாள் குடித்தவர், ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ளவர், கால் வீங்கி வயிறு உப்பியவர், சாதாரண ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரியாமல் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பவர் யாராவது இருந்தால், இந்த வாரமே இங்குள்ள டாக்டரைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆயுஷ்மான் அட்டையும் ஆதாரும் பழைய ரிப்போர்ட்டுகளும் ஒரே பையில் இருக்கட்டும். அடுத்த முறை போர்ட் பிளேயருக்கு எந்த வேலையாகப் போனாலும் எண்டோஸ்கோபிக்கு ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.